பேணுவோர் பட்டியல்: கோணேசர் கல்வெட்டும் கணினிப் பொதிக் களஞ்சியமும்

ஈழத்துத் தமிழ் இலக்கியம் பற்றி எழுதுவோர் கோணேசர் கல்வெட்டைக் குறிப்பிடத் தவறுவதில்லை. ஆயின் குறிப்பிட்டபின் அதில் நெடுநேரம் தங்குவதுமில்லை. கவிராஜவரோதயர் இயற்றியது, செய்யுளும் உரைநடையும் விரவியது, திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குக் குளக்கோட்டு மன்னன் செய்த திருப்பணிகளையும் வகுத்த ஒழுங்குகளையும் கூறுவது, மன்னனின் காலம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. இவ்வளவுடன் அடுத்த நூலுக்குச் சென்றுவிடுவர். வரலாற்றுத் துறையினர் நூலைத் திறந்து மன்னன் யார், ஆண்டு எது என்று தேடினர். சமூக அமைப்பை ஆராய்ந்த சிலர் நீங்கலாக, ஏனையோர் அந்நூலின் பெரும்பகுதியை வெறும் பட்டியல் என்று கருதிக் கடந்தனர். கடக்கப்பட்ட அப்பட்டியலே நூலின் உயிர்நிலை என்பது இக்கட்டுரையாளனின் கருத்து. அதனை விளங்கிக்கொள்வதற்கு இன்று எதிர்பாராத ஓரிடத்திலிருந்து துணை கிடைக்கின்றது. திறந்த மூல மென்பொருள்களைத் திரட்டிப் பேணும் பொதிக் களஞ்சியமே அவ்விடம்.

மென்பொருள் பற்றிப் பேசக் கலைப்பீட மாணவனுக்கு என்ன உரிமை என்று கேட்கப்படலாம். மென்பொருள் என்பது முதற்கண் ஓர் எழுத்துப் பிரதி. மனிதர் எழுதி, மனிதர் படித்து, மனிதர் திருத்துவது. திறந்த மூல மென்பொருளில் அப்பிரதி மறைக்கப்படுவதில்லை. எவரும் அதனைப் படிக்கலாம், படியெடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம். நம்முடைய ஏட்டுச் சுவடிகளும் ஏறக்குறைய இவ்வாறே வழங்கின. இயற்றியவர், பிரதி செய்தவர், உரை கண்டவர், பதிப்பித்தவர் எனப் பல கைகள் பட்டே தமிழ் நூல்கள் நம்மை வந்தடைந்தன. எந்தக் கை எதைச் செய்தது என்று பிரித்தறிவது பாடத் திறனாய்வின் தொழில். பொதிக் களஞ்சியத்தில் அத்தொழில் நாள்தோறும் நடைபெறுகின்றது. ஆகவே அதனை ஒரு பதிப்பு மரபாக நோக்குவதில் அத்துமீறல் எதுவும் இல்லை.

டெபியன் என்னும் களஞ்சியத்தை எடுத்துக்கொள்வோம். 1993 ஓகஸ்டில் இயன் மேர்டொக் என்பவர் அதனைத் தொடக்கினார். 2025 ஓகஸ்டில் வெளிவந்த அதன் 13ஆம் பதிப்பில் 69,830 பொதிகள் இருந்தன. பொதி என்பது ஒரு மென்பொருளும், அதனைக் கணினியொன்றில் முறையாக நிறுவுவதற்கு வேண்டிய குறிப்புகளும் சேர்ந்த கட்டு. துறைமுகத்தை அண்டி வாழ்வோர்க்கு இச்சொல் புதிதன்று. உள்ளே இருப்பது யாது, எங்கிருந்து வந்தது, எதனுடன் சேர்த்து வைக்கலாகாது என்பன மேலே எழுதப்படாத பொதியைப் பண்டசாலையில் எவரும் ஏற்பதில்லை. டெபியனும் அவ்வாறே. ஒவ்வொரு பொதியின் மேலும் அதன் பெயர், உரிமம், அது சார்ந்து நிற்கும் பிற பொதிகள் ஆகியவற்றுடன் அதற்குப் பொறுப்பானவரின் அல்லது பொறுப்பான குழுவின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். அப்பொறுப்பாளரைப் பராமரிப்பாளர் என்பது வழக்கு. நான் பேணுநர் என்ற சொல்லை ஆள விரும்புகிறேன். காரணம் பின்னர் விளங்கும்.

பேணுநர் பெரும்பாலும் அம்மென்பொருளை இயற்றியவர் அல்லர். இயற்றியவர் வேறு ஏதோ ஒரு நாட்டில் தம் போக்கில் புதிய பதிப்புகளை வெளியிட்டுக்கொண்டிருப்பார். பேணுநர் அவற்றைக் கவனித்து, உரிமத்தில் மாற்றம் உண்டா என்று பார்த்து, களஞ்சியத்தின் விதிகளுக்கு இயைய அமைத்து, தம்முடைய பொதியைச் சார்ந்து நிற்கும் பிற பொதிகள் இப்புதுமையால் உடைகின்றனவா என்று சோதித்து, உள்ளே இடுகிறார். முதலில் அது நிலையாப் பதிப்பிற்குச் செல்லும். சில நாட்கள் பாரதூரமான குறை எதுவும் அறிவிக்கப்படாவிடின் சோதனைப் பதிப்பிற்கு நகரும். ஏறத்தாழ இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை அது நிலைப்பதிப்பாக உறைய வைக்கப்படும். உறைந்தபின்னும் வேலை முடிவதில்லை. பாதுகாப்புக் குறை ஒன்று வெளிப்பட்டால், இயற்றியவரின் புத்தம்புதிய பதிப்பை அப்படியே எடுத்துப் புகுத்துவதை இம்மரபு விரும்புவதில்லை. அக்குறையை நீக்கும் வரிகளை மட்டும் பிரித்தெடுத்துப் பழைய பதிப்பில் ஒட்டவேண்டும். நூலைப் புதிதாக எழுதாமல் பிழைதிருத்தம் மட்டும் செய்வது போன்றது இது. புதிதாக எழுதுவதைக் காட்டிலும் இது கடினமான வேலை என்பதைச் சுவடி திருத்தியோர் அறிவர்.

இம்மரபின் இரு வழக்கங்கள் தமிழ்ப் பதிப்புலகின் கவனத்துக்குரியன. ஒன்று பதிப்பெண். ஒரு பொதியின் எண் 2.3-4 என்று இருக்குமாயின், 2.3 என்பது இயற்றியவரின் பதிப்பு. குறுங்கோட்டுக்குப் பின்னுள்ள 4 என்பது பேணுநர் அதன்மேல் செய்த நான்காம் திருத்தம். ஒரு சிறு கோட்டினால் இரு கைகளும் பிரிக்கப்பட்டுவிடுகின்றன. மற்றையது மாற்றக் குறிப்பேடு. என்ன மாற்றப்பட்டது, ஏன் மாற்றப்பட்டது, யார் மாற்றினார், எந்த நாளில் மாற்றினார் என்பன ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதில் எழுதப்படல் வேண்டும். பாடபேதங்களை அடிக்குறிப்பில் தந்த உ. வே. சாமிநாதையரையும், பதிப்புரைகளில் தம் ஏடுகளின் வரலாற்றைச் சொன்ன சி. வை. தாமோதரம்பிள்ளையையும் பெற்ற மொழி நம்முடையது. தமிழ் நாவலர் சரிதையைப் பதிப்பித்த தி. த. கனகசுந்தரம்பிள்ளை திருகோணமலையின் மைந்தர். ஆயினும் பின்வந்த மறுபதிப்புகளில் எத்தனை, மாற்றியது எதுவென்று சொல்லாமலே 'திருத்திய பதிப்பு' என்று அட்டையில் மட்டும் அச்சிட்டுக்கொண்டன! அத்தகைய பொதியை டெபியன் ஏற்காது.

பொதிகள் ஒன்றையொன்று சார்ந்து நிற்பவை என்றேன். அச்சார்பின் வரிசை பிழைத்தால் நேர்வது யாது என்பதற்குத் திருகோணமலைத் துறைமுகமே ஓர் உதாரணம் தருகின்றது. 1944 ஓகஸ்ட் 8ஆம் நாள் பிரித்தானியப் போர்க்கப்பலான வலியன்ற், பழுதுபார்ப்பதற்காக இங்கிருந்த மிதக்கும் மேடையில் ஏற்றப்பட்டது. மேடையின் தொட்டிகளிலுள்ள நீரை ஒவ்வொன்றாக வெளியேற்ற, மேடை கப்பலுடன் மேலெழும். கப்பலின் பாரம் எங்கே அதிகம் என்பதற்கேற்பத் தொட்டிகளை வெறுமையாக்கும் வரிசை அமையவேண்டும். அன்று வரிசை பிழைத்தது. கப்பலில் வெடிபொருள்களும் நிறைந்திருந்தன. மேடையின் முதுகு முறிந்து அது கடலில் ஆழ்ந்தது. கப்பல் மூழ்காது தப்பினாலும் அதன் சுழலிகளும் சுக்கானும் சேதமுற்றன. தொட்டிகள் நல்லவை, கப்பலும் நல்லது, வரிசை மட்டுமே தவறு. ஒரு பொதியைப் புதுப்பிப்பவர் அதனைச் சார்ந்த நூறு பொதிகளைப் பற்றி ஏன் அஞ்சவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

பேணுநரின் கை எப்போதும் நன்மையே செய்யும் என்பதுமில்லை. 2006இல் டெபியனின் பேணுநர் ஒருவர், மறைகுறியாக்கத்துக்குப் பயன்படும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற மென்பொருளில் பொருத்தமற்றவை போலத் தோன்றிய வரிகளை நீக்கினார். சோதனைக் கருவி ஒன்று அவற்றைக் குறையெனச் சுட்டியிருந்தது. நீக்குமுன் இயற்றியோரின் குழுவிடம் அவர் வினவியும் இருந்தார்; கடும் மறுப்பு எழவில்லை. ஆனால் எவரும் ஊகிக்க முடியாத எண்களை உண்டாக்கும் பணி அவ்வரிகளிலேயே தங்கியிருந்தது. அதன்பின் அக்கணினிகளில் உருவான இரகசியத் திறவுகோல்கள் ஒவ்வொரு வகையிலும் ஏறத்தாழ 32,768 என்ற அளவுக்குள் அடங்கிவிட்டன. கணினிக்கு அவ்வளவையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பது சிறு வேலை. 2008 மே 13இல் இது வெளிப்படுத்தப்படும்வரை ஏறத்தாழ இருபது மாதங்கள் எவரும் கவனிக்கவில்லை. பொருள் விளங்காத பாடத்தைப் பிழையென்று கருதித் திருத்திய பதிப்பாசிரியர்களை நாம் அறிவோம். அங்கே கெட்டது ஒரு செய்யுள். இங்கே உலகெங்கும் எண்ணற்ற கணினிகளின் பூட்டு. ஆயினும் மாற்றக் குறிப்பேடு இருந்தமையால் எந்த நாளில், எந்தக் கையால், எக்காரணம் கருதி அவ்வரிகள் நீக்கப்பட்டன என்பதைக் காணமுடிந்தது. தவறு செய்யாமையன்று, தவற்றின் தடத்தை அழியாது வைத்தமையே இம்மரபின் சிறப்பு.

இப்பின்னணியில் கோணேசர் கல்வெட்டுக்கு மீள்வோம். பெயரிலேயே ஒரு முரண் உண்டு. கல்வெட்டு என்று வழங்கினும் அது ஏட்டில் வழங்கிய நூல். கல்லில் வெட்டியது மாறாது. இந்நூலோ மாற்றங்களைத் தன்னுள் வாங்கிக்கொண்டது. குளக்கோட்டனின் ஒழுங்குகளுக்குப்பின் கயவாகு மன்னன் செய்த ஏற்பாடுகளும் அதில் இடம்பெறுகின்றன. வரலாற்றறிஞர்க்கு இது தலையிடி: எது மூலம், எது பின்னிணைப்பு என்று பிரிக்கவேண்டியிருக்கின்றது. ஆயின் ஒரு கோயிலை நடத்துவதற்கான ஆவணம் என்ற வகையில் நோக்குமிடத்து இது குறையன்று. புதிய ஏற்பாடு வந்ததும் பழைய ஆவணத்துடன் சேர்க்கப்பட்டது, அவ்வளவே. குறை வேறிடத்தில் உண்டு. சேர்த்தவர் தம் பெயரையும் நாளையும் எழுதவில்லை, குறுங்கோடு இல்லை.

நூலின் நடுவே விரிவது கடமைப் பங்கீடு. தானத்தார், வரிப்பற்றார் எனக் குடிகள் வெளியிலிருந்து வருவிக்கப்படுகின்றனர். பூப்பறித்தல், மாலை தொடுத்தல், விளக்கேற்றல், நெற்குற்றல், கொடியும் குடையும் சாமரையும் எடுத்தல், துப்புரவு செய்தல் என்றவாறு எவர் எதைச் செய்யவேண்டும் என்பது வகுக்கப்படுகின்றது. இப்பகுதியார்க்கிடையே பிணக்கு எழுமாயின் நியாயம் விசாரிப்பதற்கென மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலன் அழைத்துவரப்பட்டு வன்னிபமாக அமர்த்தப்படுகிறான். கோயில் கட்டப்பட்ட கதையைவிடக் கட்டப்பட்டது நாளையும் மறுநாளும் நடக்கவேண்டுமே என்ற கவலை இந்நூலில் மிகுதி. காவியச் சுவை தேடிச் செல்வோர் ஏமாற்றமடைவது இதனாலேதான். இந்நூலின் உண்மையான நாயகன் குளக்கோட்டன் அல்லன். மறுநாள் விடியலில் விளக்கேற்ற வரவேண்டியவனே.

டெபியனுக்கும் ஒரு சாசனம் உண்டு. 1997இல் அதன் சமூக ஒப்பந்தமும் 1998இல் அதன் யாப்பும் ஏற்கப்பட்டன. பேணுநர்க்கிடையே தீராத பிணக்கு எழுந்தால் முடிவு கூறத் தொழில்நுட்பக் குழு ஒன்று அங்கே உண்டு. தனியுண்ணாப் பூபாலனின் பதவி அங்கே ஒரு குழுவுக்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். இவ்வொற்றுமைகளை இன்னும் அடுக்கிக்கொண்டே போகமுடியும். அதனால் பெரும்பயன் இல்லை. வேறுபடும் இடமே திறனாய்வுக்கு உரியது.

முதலாவது வேறுபாடு சோறு. கல்வெட்டின் பட்டியல் வெறும் ஏவல்களின் தொகுதியன்று. கடமையேற்றோர்க்கு நிலம் ஒதுக்கப்படுகின்றது. அந்நிலங்களுக்கு நீர் வேண்டும். நீருக்குக் குளம் வேண்டும். கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் கட்டினான் என்று மரபு கூறும். வரலாற்றாசிரியர் வேறு மன்னர்களைக் குறிப்பிடுவர். நம்முடைய நோக்கத்துக்கு அவ்வழக்கு முக்கியமன்று. விளக்கேற்றுபவன் உண்ணவேண்டும் என்பதை நூல் மறக்கவில்லை என்பதே முக்கியம். பேணுதலுக்கு ஒரு பொருளாதார அடித்தளம் வேண்டும் என்ற உண்மையை அது ஒளிக்காமல் ஒப்புக்கொள்கின்றது. அவ்வடித்தளமும் தன்னளவில் பேணப்படவேண்டியது. கந்தளாய்க் குளத்தின் அணை 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதை எம் மாவட்டத்தின் மூத்தோர் மறந்திலர்.

கட்டற்ற மென்பொருள் உலகம் சோற்றைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டது. விருப்பமுள்ளவர் செய்வார், பலர் கண்கள் பட்டால் பிழை மறையாது என்ற நம்பிக்கையில் அது வளர்ந்தது. அந்நம்பிக்கையை 2024 மார்ச் கடுமையாகச் சோதித்தது. தரவுகளைச் சுருக்கிச் சேமிக்க உதவும் எக்ஸ்.இசட். என்ற சிறு மென்பொருளை ஆண்டுக்கணக்காக ஒருவரே ஊதியமின்றிப் பேணிவந்தார். அது எத்தனையோ பெரிய மென்பொருள்களுக்கு அடியில் கிடந்தது. 2022 அளவில் அவர் தாமதிக்கிறார் என்று சிலர் பொதுவெளியில் நெருக்கத் தொடங்கினர். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக உதவி செய்து, நம்பிக்கை பெற்று, பொறுப்பிலும் பங்குபெற்றார். 2024இன் முதல் மாதங்களில் வெளியான 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், பிறர் கணினிக்குள் நுழைவதற்கான கள்ளக்கதவு ஒன்று அப்பெயரின் கீழ் மறைத்துவைக்கப்பட்டது. டெபியனின் நிலையாப் பதிப்பில் வேலை செய்துகொண்டிருந்த அன்ரெஸ் பிராயிண்ட் என்பவர், தொலைநுழைவு அரை விநாடியளவு தாமதமாவதைக் கவனித்துத் துருவி, மார்ச் 29ஆம் நாள் அதனை வெளிப்படுத்தினார். நிலைப்பதிப்பை அது எட்டவில்லை. உறையவைக்கும் முன் காத்திருக்கும் வழக்கம் ஓரளவும், ஒரு மனிதரின் விழிப்பு பேரளவும் காத்தன. ஜியா டான் என்ற பெயருக்குப் பின்னால் நின்றவர் யார் என்பது வெளிவரவில்லை. ஆனால் கதவு திறந்துகிடந்தது ஏன் என்பது வெளிப்படை. பெருநிறுவனங்கள் பயன்கொண்ட ஒரு பொருளைத் தனி மனிதர் ஒருவர் தம் ஓய்வுநேரத்தில் தாங்கிக்கொண்டிருந்தார். அவருக்குக் கந்தளாய்க் குளம் இல்லை.

இவ்விடத்தில் கல்வெட்டைப் புகழ்ந்து கட்டுரையை முடிப்பது எளிது. பழமையில் எல்லாம் உண்டு என்று நிறுவும் ஆர்வம் நம்மிடையே குறைவன்று. ஆயின் பட்டியலை மறுபடியும் படித்தல் வேண்டும். கல்வெட்டு கடமையைப் பிறப்புக்குக் கட்டுகின்றது. நெற்குற்றுபவனின் மகன் நெற்குற்றவேண்டும். மதிப்புக் கூடிய தொழிலும் மதிப்புக் குறைந்த தொழிலும் குடிவழியாகப் பிரிக்கப்படுகின்றன. தவறுவோர்க்குக் கேடு வரும் என்ற அச்சமும் சேர்க்கப்படுகின்றது. கொடுத்த நிலமே கால்விலங்காகவும் ஆயிற்று. கடமையை ஒருவன் இறக்கிவைப்பதற்கு அந்நூலில் வழி இல்லை. நிலவுடைமைச் சமுதாயத்தின் ஆவணம் வேறெவ்வாறு இருக்கமுடியும் என்று கேட்கலாம். உண்மைதான். ஆயினும் அதன் பேணல் முறையை வியக்கும்போது அதன் விலையைக் கொடுத்தவர் யார் என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

டெபியன் இவ்விடத்தில் ஓர் அரிய வழக்கத்தைக் கண்டது. பேணுநர் ஒருவர் களைத்துவிட்டால் அல்லது வேறு வாழ்க்கைக்குப் போய்விட்டால், அப்பொதியைத் தம்மால் இனிப் பார்க்க இயலாது என்று வெளிப்படையாக அறிவிக்கலாம். அன்று முதல் அது 'அநாதை' எனக் குறிக்கப்படும். அச்சொல் நம் செவிக்குக் கடுமையாக ஒலிப்பினும் அதில் பழி இல்லை. தத்தெடுக்க ஒருவர் வரும்வரை தர மேற்பார்வைக் குழுவின் பெயர் அதன்மேல் எழுதப்படும். முற்றாகக் கைவிடுமுன், தத்தெடுப்பாரைத் தேடும் அறிவிப்பும் உதவி கேட்கும் அறிவிப்பும் தனித்தனியே உண்டு. அறிவிக்காமலே மறைந்துவிட்ட பேணுநரைத் தேடி விசாரிக்கவும் முறை உண்டு. எவரும் ஏற்காத, குறை தீராத பொதி இறுதியில் களஞ்சியத்திலிருந்து நீக்கப்படும். 13ஆம் பதிப்பில் மட்டும் 8,840க்கும் மேற்பட்ட பொதிகள் அவ்வாறு வழக்கொழிந்தவையாக விடப்பட்டன. இறக்கிவைக்கும் உரிமையும், இறக்கிவைத்தது எங்கே கிடக்கின்றது என்று ஊரறியச் சொல்லும் ஒழுங்கும் சேர்ந்தே வருகின்றன.

இனித் தமிழுக்கு வருவோம். இலங்கையின் தமிழ்த் தகவற் குறியீட்டு நியமமான எஸ்.எல்.எஸ். 1326, 2008இல் வெளிவந்தது. அதனுடன் இணைந்த இரங்கநாதன் விசைப்பலகை அமைப்புக் கட்டற்ற இயங்குதளங்களிலும் கிடைக்கின்றது. கிடைப்பது எவ்வாறு? யப்பானில் உருவான எம்-17-என் என்ற பன்மொழி உள்ளீட்டுத் தொகுதியில், தமிழ் 99, தட்டச்சு முறை, ஒலியியல் முறை ஆகியவற்றின் அருகே ஓர் அட்டவணைக் கோப்பாக அது கிடக்கின்றது. அத்தொகுதியை ஒரு பொதியாக்கிப் பேணுபவர் தமிழறிந்தவராக இருக்கவேண்டும் என்று விதி இல்லை. நம் கட்டுரைகளை நாம் தட்டுவது ஒரு நெடிய சார்புச் சங்கிலியின் கடைசி வளையத்தில் தொங்கிக்கொண்டுதான்.

இன்னுமோர் எடுத்துக்காட்டு. ஒருங்குறியில் 'ஶ' என்ற எழுத்து 2005இல், 4.1ஆம் பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் இந்நாட்டின் பெயருக்கு முன்னால் நாம் இடும் 'ஸ்ரீ' என்பதை ஸகர மெய்யுடன் ரீகாரம் சேர்த்து எழுதினர். 2005க்குப் பின் ஶகர மெய்யுடன் சேர்த்து எழுதுவதே முறையானது என ஆயிற்று. பழைய வழக்கும் ஒழியவில்லை. இரண்டும் திரையில் ஒரே வடிவாகத் தோன்றும், உள்ளே வெவ்வேறு. ஒன்றைத் தேடினால் மற்றையது அகப்படாமல் போகலாம். 2005க்கு முன் அமைக்கப்பட்டு, பின் எவரும் புதுப்பிக்காத எழுத்துருவில் புதிய எழுத்தின் இடத்தில் வெறுங்கட்டம் தோன்றும். நூலகம் போன்ற எண்ணிம நூலகங்கள் 2005 முதல் ஈழத்து நூல்களைத் திரட்டி வருகின்றன. நூலகம் இயங்கும் மீடியாவிக்கியும் ஒரு கட்டற்ற மென்பொருளே. அங்கே பழைய நூலொன்றைத் தேடும் மாணவனுக்கு அது கிடைப்பதும் கிடைக்காததும் இத்தகைய சிறு திருத்தங்களை எவரேனும் செய்தாரா என்பதில் தங்கியிருக்கின்றது.

நம்முடைய வழக்கம் யாது? மென்பொருள் ஒன்றை ஆக்குகிறோம். வெளியீட்டு விழா நடத்துகிறோம். வாழ்த்துரை, ஆய்வுரை, பொன்னாடை, ஏற்புரை. அடுத்த ஆண்டு இயங்குதளம் மாறுகின்றது, மென்பொருள் இயங்க மறுக்கின்றது, எவரும் கேட்பதில்லை. அது அநாதை என்று அறிவிப்பார்கூட இல்லை. இலக்கியத்திலும் நாம் படைத்தவரையே அறிவோம். மீறினால் பதிப்பித்தவரை அறிவோம். பதிப்பின் பிழைகளை மறுபதிப்புத்தோறும் பார்த்தவர் யார் என்று கேட்கும் பழக்கம் இல்லை. பிரெட்ரிக் கோட்டை வாயிலில் சிதைந்த நிலையில் ஒரு கல்வெட்டு உண்டு. இது மெய்யாகவே கல்லில் வெட்டியது. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் குலைப்பர் என்றும், பின்வரும் மன்னர் அதனைப் பேணார் என்றும் அது கூறுவதாக அதனைப் படித்தோர் சொல்வர். 1624இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்ததைப் பற்றி அனைவரும் பேசுகின்றனர். அக்கல்லின் இரண்டாவது கூற்று நம் கவனத்தைக் கவர்வதில்லை. பேணுநர் என்ற சொல்லை நான் தெரிந்தது அதன்பொருட்டே.

இடிக்கப்பட்டது கட்டடம். பட்டியல் இடியவில்லை. தம்பலகாமத்தில் 17ஆம் நூற்றாண்டில் ஆதிகோணநாயகர் கோயில் எழுந்தபோது, கல்வெட்டில் சொல்லப்பட்ட தொழும்புகள் அங்கே தொடர்ந்தன. கோபுரமும் மதிலும் போனபின் எஞ்சியது யார் எதைச் செய்வது என்ற அறிவுதான். கோயில் மறுபடியும் நடப்பதற்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஆனால் அப்பட்டியலில் இருப்பவை குடிப்பெயர்கள். விளக்கேற்றிய எவருடைய பெயரும் நமக்குத் தெரியாது. டெபியனின் மாற்றக் குறிப்பேட்டில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தியவரின் பெயரும் நாளும் நேரமும் நிற்கின்றன.

தமிழ் மாணவர் இதில் செய்யக்கூடியவை உண்டு. எழுத்துருவில் ஶகரம் வருகின்றதா, அகரவரிசைப்படுத்தும்போது கிரந்த எழுத்துகள் னகரத்துக்குப் பின் நிற்கின்றனவா, இரங்கநாதன் விசைப்பலகையின் அட்டவணை நியமத்துடன் ஒத்திருக்கின்றதா என்று பார்த்துக் குறையை எண்ணிட்டு அறிவிப்பதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்கவேண்டியதில்லை. தமிழ் தெரிந்திருந்தால் போதும். பொதிகளின் விளக்கக் குறிப்புகளைத் தமிழாக்குவதும் அத்தகையதே. துறைசார்ந்தோர் சிலர் பல ஆண்டுகளாகத் தனித்து இவற்றைச் செய்து வருகின்றனர். தமிழ்த் துறைகள் அவர்களிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

கோணேசர் கல்வெட்டை அடுத்துப் பதிப்பிப்பவர், தொழும்புப் பகுதியைத் தனி அட்டவணையாக வகுத்து, தம்பலகாமத்தில் வழங்கும் முறையை அதன் எதிரே வைத்து, எவை நின்றுபோயின, எவை கைமாறின என்று குறித்து அச்சிடுவாராயின், குளக்கோட்டன் எந்த நூற்றாண்டினன் என்ற வினாவை இன்னும் சிறிது காலம் ஒத்திவைத்தாலும் குறைவில்லை.